போரை வாசித்தவரின் பல்செட்

என் கணவரின் அக்காவுக்கு எங்கள் குடும்பத்தில் ஜட்ஜம்மா என்று பெயர். கோர்ட் வாசலை அவர் மிதித்ததில்லை. ஆனால் யாருக்காவது தீர்ப்புச் சொல்லாமல் அவருக்குப் பொழுது போனதாகவும் சரித்திரம் இல்லை. நான் கல்யாணமாகி வந்த அன்று என் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "பெட்டி நல்ல பெட்டிதான். பூட்டுதான் ஓட்டை" என்றார். மறுவாரமே பூட்டு கையோடு வந்தது. அவர் சொன்னது சரியாகப் போனதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஜட்ஜம்மா பல்செட் செய்கிறவர். ஒரு பல் டாக்டரின் க்ளினிக்குக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் தொடங்கி எப்படியோ ஓர் அறையாக முடிகிற இடம்தான் அவருடைய லேப். முன்னால் டாக்டர் அச்சு எடுப்பார். பின்னால் அந்த அச்சு வெள்ளைச் சுண்ண மாவில் வார்க்கப்பட்டு, பெயரில்லாமல், ஒரு நம்பர் ஒட்டிக்கொண்டு ஜட்ஜம்மாவின் மேஜைக்கு வரும். அவர் அதன் மேல் மெழுகு வைத்து, மெழுகில் பல் அடுக்கி, மெழுகை உருக்கிவிட்டு ரோஸ் கலர் ஈறு ஊற்றி, பாலிஷ் போட்டு அனுப்புவார். எந்த வாயையும் அவர் நேரில் பார்த்ததில்லை. ஊரில் எத்தனையோ பேர் அவர் புண்ணியத்தில் மென்றுகொண்டிருக்கிறார்கள். யார் யார் என்று அவருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. இந்த ஏற்பாட்டில் இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

அவர் செய்கிற செட்டில் ஒரு கிறுக்கு உண்டு. முன்பல்லுக்கு இடப்பக்கம் இருக்கிற பல்லை நேராக நிறுத்தமாட்டார். பக்கத்தில் இருப்பவரின் தோளில் லேசாகச் சாய்ந்து நிற்கிற மாதிரி வைப்பார். "எல்லாம் நேரா நின்னா அது பல்லா? பள்ளிக்கூடப் பிள்ளைங்க வரிசை மாதிரி இருக்கும். ஒண்ணு கோணினாத்தான் மத்ததெல்லாம் நெசம்னு நம்புவாங்க" என்பார். நாக்கு போய்த் தட்டுகிற அண்ணத்திலும் சின்னச் சின்ன மேடுகளைத் தன் கையாலேயே செதுக்குவார். வழவழவென்று விட்டால் பேச்சு வழுக்குமாம். டாக்டர் இதெல்லாம் வேண்டாத வேலை என்று பல தடவை சொல்லியிருக்கிறார். டாக்டருக்கும் தீர்ப்பு உண்டு. அதை இங்கே எழுத முடியாது.

அவருடைய கணவர் போன பிறகு காதில் ஏறிய இயர்ஃபோன் அப்புறம் இறங்கவே இல்லை. முதலில் பாட்டுக் கேட்டார். பாட்டு அழ வைக்கிறது என்று ஆடியோ புத்தகத்துக்கு மாறினார். காலையில் கொலை, சாப்பாட்டுக்கு மேல் போர். அதற்கும் நியாயம் வைத்திருந்தார்.

"மெழுகுல பல்லு அடுக்கறப்போ கவனம் வேணும். அதுக்குக் கொலைதான் லாயக்கு, கண்ணு சொருக விடாது. மத்தியானம் பாலிஷ் மெஷின் ஓடும். அந்தச் சத்தத்துல நாலு சண்டை காதுல விழலேன்னாலும் ஒண்ணும் கெட்டுப்போயிடாது. அடுத்த அத்தியாயத்துல அதே ஊரைத்தான் மறுபடியும் பிடிப்பாங்க."

துப்பறியும் கதைகளைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் எழுதினால் அந்தக் கதைகளை எழுதுகிறவர்கள் கடையைச் சாத்திவிடுவார்கள். சாம்பிளுக்கு ஒன்று.

"அந்தத் துப்பறியறவன் இருக்கானே, அவனுக்கு எப்பவும் பொண்டாட்டி விட்டுட்டுப் போயிருப்பா. பெத்த பொண்ணு பேசமாட்டா. ஃபிரிட்ஜைத் திறந்தா காஞ்சுபோன எலுமிச்சம்பழம் ஒண்ணு உருளும். வீட்ல இருந்தவ ஏன் போனான்னு கண்டுபிடிக்கத் துப்பில்லை. ஊரான் வீட்டுக் கொலையைக் கண்டுபிடிக்கக் கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவான்."

"அப்ப ஏன்க்கா கேக்கறீங்க?"

"யாரு பண்ணினான்னு தெரிய வேண்டாமா? முத அத்தியாயத்துல எவன் வலிய வந்து 'நான் ஏதாவது உதவி பண்ணட்டுமா'ன்னு கேக்கறானோ அவன்தான். எனக்கு அப்பவே தெரியும். இருந்தாலும் இவங்க எப்ப கண்டுபிடிக்கறாங்கன்னு பாக்கறேன்."

பிணத்தைப் பல்லை வைத்து அடையாளம் கண்டார்கள் என்று வந்துவிட்டால் அன்றைக்கு எனக்கு போன் வரும். "ஒரே வரி! 'பல்லை வைத்து அடையாளம் கண்டார்கள்.' அந்தப் பல்லைக் கட்டினவ யாரு, அவ சாப்பிட்டாளா தூங்கினாளான்னு ஒரு வார்த்தை இருக்கா பாரு!"

போர் வரலாறு என்றால் குரலே மாறும். "ஒரு ஆளைக் கொன்னா நானூறு பக்கம் தேடறான். லட்சம் பேரைக் கொன்னா தேடவே வேண்டாம். அவரே உக்காந்து தன் வாழ்க்கை வரலாறு எழுதிடறாரு. அட்டையில போட்டோவோட." தளபதிகள் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு பக்கமும், அந்தத் தட்டைக் கழுவினவன் எங்கே செத்தான் என்று அடிக்குறிப்பும் இருப்பதாக அவருக்குப் பெரிய குறை. ஆடியோ புத்தகத்தில் அடிக்குறிப்பையும் வாசிக்க மாட்டார்களாம். ஆக அவன் இரண்டு தடவை செத்தான் என்பார்.

இவ்வளவு குறையோடு அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஏழு பாகம் உள்ள ஒரு போர் வரலாறு. ஆறு பாகம் வந்திருந்தது. வாசித்தவர் பெயர் எல்லாப் பாகத்தின் தொடக்கத்திலும் சொல்லப்படும். ஜட்ஜம்மா அதைத் தாண்டிவிட்டுத்தான் கேட்பார். பெயர் எதற்கு, அவரே ஒரு பெயர் வைத்தாயிற்று: கர்னல். 'கர்னல் இன்னிக்கு ஆத்தைத் தாண்டிட்டாரு', 'கர்னலுக்குச் சளி பிடிச்சிருக்கு' என்று எங்கள் வீட்டுக்கு வந்து சேதி சொல்வார். கர்னல் வாசிப்பதில் அவருக்குப் பிடித்தது எதுவும் இல்லை.

"தோத்துப்போன படை திரும்பி வர்ற இடம். கேக்கறவனுக்கு நெஞ்சு அடைக்கணுமா வேண்டாமா? இவரு என்னடான்னா ரெண்டாவது பிளாட்ஃபாரத்துக்கு வண்டி வருதுங்கற மாதிரி வாசிக்கறாரு. செத்தவங்க கணக்கு வந்தா மட்டும் குரலை இறக்கிடறாரு, ஜவுளிக்கடையில தள்ளுபடி முடிஞ்சுபோச்சுன்னு சொல்றவன் மாதிரி."

பிடிக்காத இந்தக் கர்னலின் முதல் இரண்டு பாகங்களை இரண்டு தடவை கேட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "குத்தம் சொல்றவ முழுசாக் கேட்டுட்டுத்தானே சொல்லணும்?" என்றார்.

குற்றம் சொல்வதை அவர் வாயோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கேட்கிற செயலியிலேயே கருத்து எழுத இடம் இருந்தது. ஜட்ஜம்மாவுக்கு அதைக் காட்டிக்கொடுத்தது அவர் மகள். அந்தப் பாவத்தின் பலனை அவளே அனுபவித்தாள். 'சும்மா கேட்டவள்' என்ற பெயரில் ஜட்ஜம்மா எழுத ஆரம்பித்தார். ஆறாம் பாகத்துக்கு அவர் எழுதியதை நான் அப்படியே தருகிறேன்.

'வரலாறு நன்று. வாசிப்பவருக்கு மேல்செட் தளர்ந்துவிட்டது. வாயை அகலத் திறக்கும்போதெல்லாம் செட் இறங்கி, மூடும்போது டக் என்று ஏறுகிறது. கோட்டை விழுவதற்குள் செட் விழுந்துவிடுமோ என்ற பயத்திலேயே கடைசி மூன்று அத்தியாயங்களைக் கேட்டேன். இந்தச் செட்டைச் செய்தவருக்குக் கைவேலை தெரியாது. அவர் வேறு தொழில் பார்க்கலாம். இரண்டு நட்சத்திரம். இரண்டும் போரில் செத்தவர்களுக்கு.'

இதைப் படித்து ஊரே சிரித்தது. அதுவரை அந்த 'டக்'கைக் கவனிக்காதவர்கள்கூடத் திரும்பப் போட்டுக் கேட்டு, ஆமாம் ஆமாம் என்று எழுதினார்கள். ஜட்ஜம்மா பத்து நாள் வெகு உற்சாகமாக இருந்தார்.

அப்புறம் ஏழாம் பாகம் வரவில்லை. ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. ஆறாம் பாகம் முடிகிற இடத்தில் படைகள் தலைநகரைச் சுற்றி வளைத்து நின்றுகொண்டிருந்தன. "பனியில நிக்கறாங்கடி! சோறு இல்ல, கம்பளி இல்ல. இந்தக் கர்னல் எங்கதான் போய்த் தொலைஞ்சாரு?" என்று ஜட்ஜம்மா தினமும் புலம்பினார். முற்றுகையிடப்பட்ட நகரத்து ஜனங்கள்கூட அப்படிப் புலம்பியிருக்க மாட்டார்கள்.

கர்னல் எங்கே போனார் என்று எனக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒருநாள் சாயங்காலம் ஜட்ஜம்மாவின் மகள் நேராக என் சமையலறைக்கு வந்து, அடுப்பை அணைத்துவிட்டு, "அத்தை, நான் செத்தேன்" என்றாள்.

அவள் தன்கூட வேலை பார்க்கிற பையனைக் கட்டிக்கொள்ளப்போகிறாள் என்பது எங்களுக்குத் தெரியும். நல்ல பையன். சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கிற பையன். அடுத்த சனிக்கிழமை அவன் அப்பா அம்மா பேச வருவதாக இருந்தது. அவள் என் சமையலறைக்கு வந்த அன்றைக்கு மத்தியானம் பையன் தன் அப்பாவைப் பற்றி மனசு விட்டுப் பேசியிருக்கிறான். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். அப்புறம் ஆடியோ புத்தகம் வாசிக்கிறார். இல்லை, வாசித்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருத்தி அவர் பல்லைப் பற்றிக் கேவலமாக எழுதிவிட்டாள். அன்றிலிருந்து மைக் முன்னால் உட்காரவில்லை. தொண்டை சரியில்லை என்று கம்பெனியிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு அவன் அந்தக் கருத்தையும் போனில் எடுத்துக் காட்டியிருக்கிறான்.

"'அவர் வேறு தொழில் பார்க்கலாம்'னு இருந்துச்சு அத்தை. அதைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. என் ஸ்கூல் டீச்சருக்கு அம்மா சொன்னதும் அதேதான்."

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"எப்படிச் சொல்வேன்? அவங்கப்பா சபதமே போட்டிருக்காராம். எழுதினவ யாருன்னு தெரிஞ்சா அந்த வீட்டு வாசப்படியை மிதிக்கமாட்டேன்னு. அவர் ஒண்ணு சொன்னா சொன்னதுதானாம். அவர் தம்பி கல்யாணத்துக்கே போகலையாம், மைக்கை வேற ஒருத்தர்கிட்ட குடுத்துட்டாங்கன்னு."

நாங்கள் இரண்டு பேரும் லேப்புக்குப் போனோம். ஜட்ஜம்மா இயர்ஃபோனைக் கழற்றாமலே கேட்டார். பாதியில் கழற்றினார்.

"கர்னலா? நம்ம சம்பந்தியா?"

"இன்னும் ஆகலம்மா. நீ வாயைத் திறந்தா ஆகவும் மாட்டாரு."

"நான் எழுதினதுல என்ன பொய்? டக்குன்னு கேட்டுச்சா இல்லியா?"

"அம்மா!"

"சரி சரி. சனிக்கிழமை நான் வாயே திறக்கமாட்டேன். போதுமா?" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "ஏழாம் பாகம் எப்பன்னு மட்டும் கேக்கலாமா?" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் பையனும் அவன் அப்பா அம்மாவும் வந்தார்கள். ஜட்ஜம்மாவின் முன்னறை சின்னது. துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து, என் வீட்டு நாற்காலிகள் இரண்டை இரவல் கொண்டுவந்து போட்டிருந்தோம். காலிங் பெல் அடித்ததும் ஜட்ஜம்மா உதட்டை இறுக்கிக்கொண்டார். அவரை அப்படிப் பார்த்துப் பழக்கமில்லாததால் அவர் தம்பி, அதாவது என் கணவர், "என்னக்கா, பல்லு வலியா?" என்று கேட்டுத் தொலைத்தார்.

கர்னல் என்றதும் நான் ஆறடி ஆளை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் என் தோளுக்கு இருந்தார். இஸ்திரி கலையாத சட்டை. அந்த உடம்புக்குள் அந்தக் குரல் எங்கே உட்கார்ந்திருந்தது என்று தெரியவில்லை. பேசும்போது கைக்குட்டையை வாய்க்கு அருகிலேயே வைத்திருந்தார். வாயை அகலத் திறக்கவேண்டிய வார்த்தைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் பேசினார். "உட்காருங்க" என்று நாங்கள் சொல்ல, "இருக்கட்டும்" என்றார். டீயை வாங்கிக்கொண்டார், பிஸ்கட்டை வேண்டாமென்றார். அவர் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். நடுவில் ஒரு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கர்னல் அதையும் தானே சொல்லிவிட்டார். அந்தம்மா பழகிய முகத்தோடு டீயைக் குடித்தார்.

என் கணவர் பஸ் நிலையத்தைப் பற்றி ஏதோ ஜோக் சொன்னார். வழக்கமாக அவர் ஜோக்குக்கு நான்கூடச் சிரிப்பதில்லை. கர்னல் கைக்குட்டையை மறந்து சிரித்துவிட்டார்.

தட்டோடு நின்றிருந்த ஜட்ஜம்மா அப்படியே நின்றார். நான் அவர் பார்த்த இடத்தைப் பார்த்தேன். கர்னலின் முன்பல்லுக்கு இடப்பக்கத்துப் பல், பக்கத்தில் இருப்பதன் தோளில் லேசாகச் சாய்ந்து நின்றது.

கையிலிருந்த தட்டு ஒரு பக்கம் சாய, டம்ளர்கள் ஓரத்துக்கு நகர்ந்தன. மகள் ஓடிப்போய்த் தட்டை வாங்கிக்கொண்டு, "அம்மா, உக்காரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஜட்ஜம்மா உட்கார்ந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

திறக்க வைத்தது கர்னல்தான். இப்போது என்ன வாசிக்கிறீர்கள் என்று என் கணவர் கேட்டார். அவருக்கு மட்டும் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் முகத்தில் எழுதி ஒட்டிக்கொள்வார் என்று பயம்.

"விட்டுட்டேன்" என்றார் கர்னல். "கடைசிப் பாகத்தை வேற யாரையாவது வச்சு முடிச்சுக்கங்கன்னு திங்கட்கிழமை சொல்லிடப்போறேன்."

"வேற யாரையாவதா?" என்று ஜட்ஜம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மகள் அவர் காலை மிதித்தாள்.

"ஒரு பொம்பளை எழுதினா. என் வாசிப்பைப் பத்தி என்ன வேணா எழுதட்டும். ஏதோ பஸ் வருதுங்கற மாதிரி வாசிக்கறேன்னுகூட முன்னாடி எழுதியிருந்தா. சரி, முப்பது வருஷம் அதைத்தானே பண்ணினேன், விட்டுட்டேன். ஆனா இந்தப் பல்லைச் செஞ்சவங்களுக்குக் கைவேலை தெரியாதுன்னு எழுதிட்டா. அதைத்தான் என்னால பொறுக்க முடியலை." கைக்குட்டையை மடியில் வைத்துவிட்டார். இப்போது அந்த 'டக்' அறை முழுக்கக் கேட்டது. "பல்லு மொத்தமாப் போனப்போ நான் வீட்டை விட்டு வெளிய வரலைங்க. குரலை வச்சுப் பொழைச்சவன். வாயைத் திறந்தா காத்துதான் வந்துச்சு. இந்த செட்டைப் போட்டுக்கிட்ட அன்னிக்குக் கண்ணாடியைப் பார்த்தா, என் பழைய பல்லு மாதிரியே ஒண்ணு கோணலா நிக்குது. யாரு செஞ்சாங்கன்னு தெரியாது. டாக்டரைக் கேட்டா, லேப்ல செஞ்சது, நம்பர் போட்டு வரும், அவ்வளவுதாங்கறாரு. முகம் தெரியாத எனக்காக உக்காந்து அந்தக் கோணலை வச்சிருக்காங்களே. அவங்களைப் போய் வேற தொழில் பாருன்னா, அவ மனுஷியா?"

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது.

ஜட்ஜம்மா எழுந்தார். கர்னலுக்கு முன்னால் போய் நின்று, பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்பதுபோல் கையை நீட்டினார்.

"அதைக் கழட்டிக் குடுங்க."

"என்னது?"

"மேல்செட்டை. கழட்டிக் குடுங்க."

சம்பந்தம் பேச வந்த இடத்தில் பையனின் அப்பாவிடம் பல்லைக் கழற்றிக் கேட்ட பெண் வீட்டார் எங்களுக்கு முன்னால் யாராவது இருந்தார்களா, தெரியாது. என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கர்னல் என்ன நினைத்தாரோ, அந்தக் குரலில் இருந்த அதிகாரத்துக்குப் பஸ் நிலையத்தில் முப்பது வருஷம் பழகிய உடம்பு கீழ்ப்படிந்துவிட்டது. கைக்குட்டைக்குள் கழற்றிக் கொடுத்தார். ஜட்ஜம்மா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பி, அண்ணத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். மேடு மேடாக இருந்திருக்கவேண்டும்.

"இது என் வேலை" என்றார். "நான்தான் செஞ்சேன். கைவேலை தெரியாதுன்னு எழுதினதும் நான்தான்."

கர்னலின் முகம் சிவந்தது. எழுந்தார். விரலை நீட்டினார். வாயைத் திறந்தார். பல்லில்லாத வாயோடு நாலு பேர் நடுவில் பேசுவதா என்று வாயை மூடிக்கொண்டார். மறுபடி விரலை நீட்டினார். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. திட்டவேண்டியவளின் கையில் பல் இருந்தது.

பையன் மகளைப் பார்த்தான். மகள் தரையைப் பார்த்தாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அப்போது ஓர் ஓரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கர்னலின் மனைவி கைப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே வச்சுக்குங்க. அவசரமில்லை. ரெண்டு நாள் கழிச்சுக்கூடக் குடுங்க" என்றார்.

"ஏன் தளர்ந்துச்சுன்னா..." என்று ஜட்ஜம்மா அவரிடமே பேச ஆரம்பித்தார். "ஈறு வருஷத்துக்கு வருஷம் இளைக்கும். செட்டு இளைக்காது. நடுவுல ஒரு தடவை கொண்டுவந்து உள்பக்கம் ஒரு பூச்சுக் குடுத்துக்கணும். இவரு வரவே இல்லை போல."

"வருவாரா? போலாம் போலாம்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். எனக்கு நானே அறிவிப்புக் குடுத்த மாதிரிதான் போச்சு."

கர்னல் தன் மனைவியை முதல் முறை பார்ப்பவர்போல் பார்த்தார்.

க்ளினிக் சாயங்காலம் வரை திறந்திருக்கும். இரண்டு தெரு தள்ளி. எல்லோரும் நடந்தே போனோம். கர்னல் வாயில் கைக்குட்டையோடு நடுவில் வந்தார். பார்க்கிறவர்கள் துக்க வீட்டுக்குப் போவதாக நினைத்திருப்பார்கள். டாக்டர் செட்டுக்குள் ஏதோ பசையை நிரப்பி, அவர் வாயில் வைத்து அழுத்தி, புதிதாக அச்சு எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை தருவதாகப் பேச்சு. அன்று சாயங்காலம் முழுக்கக் கர்னலுக்குக் கஞ்சியும் மௌனமும். அவர் மனைவி பேசினார். எந்த மாதம் கல்யாணம், எத்தனை பேரை அழைப்பது, எந்த மாமாவைத் தவிர்ப்பது என்று எல்லாவற்றையும் பேசி முடித்தார். கர்னல் நடுநடுவே விரலை உயர்த்தினார். "அப்புறம் சொல்லுங்க, பல்லு வரட்டும்" என்றார் அந்தம்மா.

மறுநாள் லேப் கதவைத் தள்ளிக்கொண்டு கர்னல் வந்தபோது மகளும் நானும் உள்ளே இருந்தோம். ஜட்ஜம்மா செட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கர்னல் திரும்பி நின்று மாட்டிக்கொண்டார். பல்லைக் கடித்துப் பார்த்தார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். பத்தொன்பது மணி நேரம் சேர்த்துவைத்த பேச்சு.

"நான் ஒண்ணு சொன்னா சொன்னதுதான்" என்றார். மகளுக்கு முகம் வெளுத்தது. "அந்த வீட்டு வாசப்படியை மிதிக்கமாட்டேன்னேன்."

"மிதிச்சதுக்கப்புறம்தானே தெரிஞ்சுது" என்றார் பின்னால் வந்த அவர் மனைவி. "அந்தச் சபதம் காலாவதி."

கர்னல் அதை யோசித்தார். "சரி. அப்ப ஒண்ணே ஒண்ணு. எழுதினதை அழிச்சுடணும். அழிச்சாத்தான் கல்யாணம்."

"அழிக்கமாட்டேன்" என்றார் ஜட்ஜம்மா.

"அம்மா, ப்ளீஸ்ம்மா!"

"நீ சும்மா இருடி. கேட்டதைத்தான் எழுதினேன். கேட்கலேன்னு அவரு சொல்லட்டும், அழிக்கறேன்." தன் இயர்ஃபோனை எடுத்து மேஜைத் துணியில் துடைத்துக் கர்னலிடம் நீட்டினார். ஆறாம் பாகம், கடைசி அத்தியாயம். தான் வாசித்ததைக் கர்னல் ஒருநாளும் கேட்டதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தன் குரலைத் தானே கேட்பது அகம்பாவம் என்று நினைத்தாராம். கேட்டார். கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கியது. அந்த 'டக்' எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே எங்கெங்கே விழுகிறது என்று எண்ணலாம்போல் இருந்தது.

இயர்ஃபோனைக் கழற்றினார். யாரும் கேட்காமலே, அதே பத்தியை மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தார். நகரத்தைச் சுற்றிப் பனி, தோற்ற படை, திரும்பி வராதவர்கள். மாடிப்படி அறையில் மெழுகும் மாவும் பாலிஷ் மெஷினும் கேட்டுக்கொண்டிருந்தன. ஒரு 'டக்' இல்லை. செத்தவர்கள் கணக்கு வந்த இடத்தில் குரலை இறக்கினார். ஜட்ஜம்மா உதட்டைப் பிதுக்கினார்.

அப்புறம் ஜட்ஜம்மா போனைத் தன் பக்கம் இழுத்து, பழைய கருத்துக்குக் கீழே ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். எழுதி முடித்துக் கர்னலிடம் காட்டினார்.

'மேற்படி செட்டைச் செய்தது நான்தான் என்று பிறகு தெரியவந்தது. வேறு தொழில் தெரியாததால் இதையே தொடர்கிறேன்.'

கர்னல் படித்தார். மறுபடி படித்தார். அப்புறம் கைக்குட்டையில்லாமல், வாயை அகலத் திறந்து, அந்தச் சின்ன உடம்பு ஆட ஆடச் சிரித்தார். மகள் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். "இது இருக்கட்டும். எதையும் அழிக்கவேண்டாம்" என்றார் கர்னல்.

கல்யாணம் நடந்தது. அதற்கு முன்னால் நகரமும் விழுந்தது. ஏழாம் பாகத்தைக் கர்னல் வாசித்து முடித்த பிறகுதான் தேதி வைக்கலாம் என்று சொன்னவர் ஜட்ஜம்மா. சம்பந்தியம்மா மட்டும் அவ்வப்போது போன் பண்ணி, "செட்டை ஒரு தடவை பார்த்துக் குடுத்துடுங்களேன். ரெண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை" என்று கேட்டுக்கொள்கிறார்.

ஏழாம் பாகத்துக்கு ஜட்ஜம்மா என்ன போட்டார் என்று பார்த்தேன். மூன்று நட்சத்திரம்.

"ஏன்க்கா, சம்பந்திக்கு மூணுதானா?"

"செட்டுக்குத் தனியாப் போட எடம் இல்லை. இருந்தா அஞ்சு போட்டிருப்பேன்" என்றார், மெழுகில் ஒரு பல்லைச் சாய்த்துக்கொண்டே. "வாசிப்புக்கு மூணே ஜாஸ்தி. சரணடையற இடத்தைப் போய்க் கேட்டுப் பாரு, கடைசி பஸ் போயிடுச்சுங்கற மாதிரியே இருக்கு."

நான் கேட்டேன். அப்படித்தான் இருந்தது. அந்த இடத்துக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.